பலமுறை இடிபட்ட மிதிவண்டித் தலைக்கவசத்தை இன்னும் நம்பலாமா?

சங்கிலிச்சக்கரம் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் அன்றாடம் மிதிவண்டியில் அலுவலகம் சென்று வருபவன். என்னிடம் இருப்பது, உள்ளே வெள்ளை நுரையும் வெளியே மெல்லிய பிளாஸ்டிக் ஓடும் கொண்ட வழக்கமான தலைக்கவசம். வாங்கிய நாளிலிருந்து அது பலவிதமாக இடிபட்டு வந்திருக்கிறது. வண்டியின் கைப்பிடியில் தொங்கவிட்டிருக்கும்போது நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்திருக்கிறது. தலையில் அணிந்தபடியே தாழ்வான கதவுநிலையில் நுழைந்தபோது மோதியிருக்கிறது. பயணப் பைக்குள் மற்றச் சாமான்களுக்கு அடியில் கிடந்து அமுங்கியிருக்கிறது. இவற்றையெல்லாம் நான் இதுவரை பொருட்படுத்தியதில்லை.

அண்மையில் ஈரமான ஒரு திருப்பத்தில் வண்டி சறுக்கிப் பக்கவாட்டில் விழுந்தேன். மிகவும் மெதுவாகத்தான் சென்றுகொண்டிருந்தேன். முதலில் தோளும், அதைத் தொடர்ந்து தலையின் வலப்பக்கமும் சாலையில் பட்டன. வலியோ மயக்கமோ ஏற்படவில்லை. தலைக்கவசத்தின் ஓட்டில் ஒரு சிராய்ப்பு மட்டும் தெரிகிறது. விரிசல் எதுவும் கண்ணுக்குப் படவில்லை.

தயாரிப்பாளரின் கையேட்டில், எந்த மோதலுக்குப் பிறகும் மாற்றிவிட வேண்டும் என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள். அதைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றினால், கதவுநிலையில் இடித்த அன்றே நான் புதிதாக வாங்கியிருக்க வேண்டும். அப்படி யாரும் செய்வதாகத் தெரியவில்லை. விசாரித்த இடங்களில் ஒருவர் ‘விரிசல் இல்லையென்றால் போடலாம்’ என்கிறார். மற்றொருவர் ‘கீழே விழுந்தாலே போயிற்று’ என்கிறார். இருவருமே காரணம் சொல்லவில்லை. எந்த இடி கணக்கில் சேரும், எது சேராது என்பதைக் காரணத்தோடு விளக்கக்கூடியவர்கள் இருந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கூடவே இன்னொரு கேள்வி: என் மகள் மிதிவண்டிக்கும் உருளைக்காலணிப் பயிற்சிக்கும் ஒரே தலைக்கவசத்தைத்தான் அணிகிறாள். பயிற்சியின்போது விழுவதும் எழுவதுமாகவே இருக்கிறாள். அது சரிதானா?

நுரையும்ஓடும் எழுதியது:

பொருளறிவியல் படித்தவன் என்ற முறையில் இதற்கு விடை கூற முயல்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: எத்தனை முறை இடிபட்டது என்ற எண்ணிக்கை இங்கே பெரிதாகப் பயன்படாது. இடிபட்டபோது கவசத்துக்குள் தலை இருந்ததா, இருந்தது என்றால் அந்தத் தலை எந்த வேகத்தில் வந்து நின்றது என்பவைதான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

உள்ளே இருக்கும் வெள்ளைப் பொருள் விரிவாக்கப்பட்ட பாலிஸ்டைரீன். மின்சாதனப் பெட்டிகளில் பொருள்களைச் சுற்றி வைக்கும் தெர்மகோலும் இதுவே. தலைக்கவசத்தில் இருப்பது அதைவிடப் பலமடங்கு அடர்த்தியாக வார்க்கப்பட்டது. இது பஞ்சைப்போல் அமுங்கி மீள்வதற்காக வைக்கப்படவில்லை, நசுங்குவதற்காக வைக்கப்பட்டது. தலை வந்து மோதும்போது நுரையின் நுண்ணறைகளின் சுவர்கள் வளைந்தும் உடைந்தும் ஆற்றலை உள்வாங்கிக்கொள்கின்றன. அப்படி நசுங்கிக்கொண்டிருக்கும் வரை தலைமீது செயல்படும் விசை ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கிறது. தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு நசுங்கியதும் அறைச்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதற்குமேல் நுரை என்பது திடப் பிளாஸ்டிக்தான், விசை சட்டென்று எகிறிவிடும்.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வகுத்த கட்டாயத் தரத்தின்படி, 1999 மார்ச் முதல் தயாரிக்கப்படும் மிதிவண்டித் தலைக்கவசங்கள், 5 கிலோ எடையுள்ள தலையுருவின்மேல் பொருத்தப்பட்டு, சமதளமான எஃகுப் பட்டடைமேல் 2 மீட்டர் உயரத்திலிருந்து விழச்செய்யப்படுகின்றன. மோதும் கணத்தில் வேகம் நொடிக்கு 6.2 மீட்டர், அதாவது மணிக்கு 22 கிலோமீட்டர். தலையுருவின் உச்ச வேகக்குறைப்பு புவியீர்ப்பு முடுக்கத்தின் 300 மடங்கைத் தாண்டக்கூடாது. ஐரோப்பாவின் இ.என். 1078 தரம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வீழ்ச்சியையும் 250 மடங்கு என்ற வரம்பையும் வைத்திருக்கிறது. இப்போது பாருங்கள்: 2 மீட்டர் விழுந்த தலையை 2 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நிறுத்தினால், சராசரி வேகக்குறைப்பு புவியீர்ப்பின் 100 மடங்கு. வீழ்ச்சி உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்தால் போதும், இந்த எண் கிடைத்துவிடும். அதே இடத்தில் நுரை முன்பே நசுங்கி, இனி அமுங்குவதற்கு 5 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்றால், அந்தச் சராசரி 400 மடங்காகிவிடும். சராசரியே இவ்வளவு என்றால் உச்சம் இன்னும் கூடுதல். நுரையின் தடிமன் என்பது, அந்தந்த இடத்தில் ஒருமுறை செலவழிப்பதற்காக வைக்கப்பட்ட கையிருப்பு. செலவான பிறகு நுரை ஓரளவு மீண்டு பழைய உருவத்துக்கு நெருங்கி வந்துவிடுவதும் உண்டு. அதனாலேயே பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். கைப்பிடியிலிருந்து நழுவி விழுந்ததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கால் கிலோவிலிருந்து 300 கிராம் வரை எடையுள்ள வெறும் கவசம் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் கொண்டுவரும் ஆற்றல் 3 ஜூலுக்குள் அடங்கிவிடும். மேலே சொன்ன சோதனையில் அது ஏறக்குறைய 98 ஜூல். அதைவிட முக்கியமாக, வெறும் கவசம் விழும்போது உள்ளிருந்து நுரையை நசுக்குவதற்கு எந்த எடையும் இல்லை. விளிம்பு சிதைந்திருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

கதவுநிலை சற்று நுணுக்கமானது. அங்கே தலை உள்ளே இருந்தது, ஆனால் நடைவேகம்தான். இவ்வகை நுரை நசுங்கத் தொடங்குவதற்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 5 முதல் 10 கிலோ எடைக்கு இணையான அழுத்தம் வேண்டும். அகலமான பரப்பில் பட்ட இலேசான இடி அந்த அளவை எட்டுவதே இல்லை. நுரை அதைக் கவனிக்காமலேயே விட்டுவிடுகிறது என்று சொல்லலாம். கூரான விளிம்பில் பட்டால் பரப்பு சிறியதாகி, விரல்நுனி அளவில் ஒரு பள்ளம் விழக்கூடும். அப்படிப் பள்ளம் ஏதும் இல்லையென்றால் அந்த நிகழ்ச்சியையும் விட்டுவிடலாம். பைக்குள் அமுங்கியதும் இதே போன்றதுதான். மேலிருந்து விழும் பரவலான எடையை நுரை தாங்கிக்கொள்ளும், ஆனால் இருபக்கமும் நெருக்கப்பட்டு வளைந்தால் காற்றோட்டத் துளைகளுக்கு இடையிலுள்ள ஒடுக்கமான பாலங்களில் விரிசல் காணக்கூடும். அங்கே பாருங்கள்.

சறுக்கி விழுந்தது மட்டும் வேறு வகை. மெதுவாகத்தான் சென்றேன் என்கிறீர்கள். தரையோடு தலை செங்குத்தாக மோதும் வேகத்தை முடிவு செய்வது வண்டியின் வேகம் அன்று, தலை எவ்வளவு உயரத்திலிருந்து கீழே வந்தது என்பதுதான். ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் தலை தடையின்றி விழுந்தால், வண்டி நின்றுகொண்டிருந்தாலும் நொடிக்கு 5.4 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். ஐரோப்பியச் சோதனை வேகமும் அதுவே. உங்கள் தோள் முதலில் பட்டதால் அதில் ஒரு பகுதி குறைந்திருக்கும் என்பது உண்மை. எவ்வளவு குறைந்தது என்பதை நீங்களும் அறிய முடியாது, நானும் அறிய முடியாது. வலி இல்லாதது கவசம் வேலை செய்ததற்கான அடையாளமாகவும் இருக்கலாம் அல்லவா? நான் அந்த இடத்தில் இருந்தால் மாற்றிவிடுவேன்.

மலைப்பாதை எழுதியது:

முந்தைய விளக்கத்தோடு முழுமையாக உடன்படுகிறேன். சோதித்துப் பார்ப்பது பற்றி மட்டும் சிலவற்றைச் சேர்க்கிறேன், ஏனெனில் கரடுமுரடான பாதைகளில் ஓட்டும் எங்களைப் போன்றவர்கள் அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும் வேலை இது.

முதலில் உள்ளே ஒட்டியிருக்கும் மெத்தைத் துண்டுகள் அனைத்தையும் கழற்றிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் வெளிப்புறத்தை மட்டும் பார்க்கிறார்கள். விரிசலோ உட்புறத்தில், மெத்தைக்கு அடியில் இருக்கும். தற்காலத் தலைக்கவசங்களில் பெரும்பாலானவற்றில் மெல்லிய பாலிகார்பனேட் ஓட்டுக்குள்ளேயே நுரையை வார்த்து ஒட்டவைக்கிறார்கள். அந்த ஓடு வளைந்து பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அதன் அடியில் நுரை நசுங்கியிருந்தாலும் வெளியே பளபளப்பு மாறாது. ஆகவே நல்ல வெளிச்சத்தில் ஓட்டைச் சாய்த்துப் பிடித்து, ஒளியின் பிரதிபலிப்பு எங்கேனும் அலைபோல் நெளிகிறதா என்று பாருங்கள். அடிபட்ட இடத்தையும் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தையும் கட்டைவிரலால் அழுத்தி ஒப்பிடுங்கள். ஒருபக்கம் கூடுதலாக உள்வாங்கினாலோ ஓடு நுரையைவிட்டுப் பிரிந்து ‘க்ளிக்’ என்று ஒலித்தாலோ அதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை. இரு கைகளாலும் பக்கவாட்டில் மிக மெதுவாக நெருக்கினால், மறைந்திருக்கும் விரிசல் முனகும். அளவுகோல் நுழைகிற துளை இருந்தால், இரண்டு பக்கத் தடிமனையும் அளந்து ஒப்பிடலாம்.

வார்களையும் மறந்துவிடாதீர்கள். விழும்போது இழுபடுவது அவைதான். வாரைப் பற்றியிருக்கும் பிளாஸ்டிக் நங்கூரங்கள் நுரையிலிருந்து சற்றே மேலெழுந்திருந்தால், அடுத்த விழுகையில் கவசம் தலையில் நிலைத்திருக்கும் என்று உறுதி கூற முடியாது. உள்ளே மஞ்சள் நிறத்தில் நழுவு அடுக்கு கொண்ட மிப்ஸ் வகையாக இருந்தால், அந்த அடுக்கு எல்லாத் திசைகளிலும் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை தடையின்றி நகர வேண்டும்; அதைப் பிடித்திருக்கும் மீள்தன்மையுள்ள சிறு துண்டுகளில் ஒன்று கிழிந்திருந்தாலும் அது மோதலின் தடயம்தான். சாய்வான மோதலில் தலை சுழலுவதைக் குறைப்பது அவற்றின் வேலை.

ஆனால் இந்தச் சோதனையின் வரம்பை நன்கு புரிந்துகொள்ள வேண்டும். குறை தென்பட்டால் கவசத்தை ஒதுக்குவதற்கு அது போதுமான காரணம். குறை தென்படவில்லை என்பது அதைத் தொடர்ந்து அணிவதற்குப் போதுமான காரணம் ஆகாது. கண்ணால் பார்ப்பதும் கையால் அழுத்துவதும் நுண்ணறைகளின் நிலையைக் காட்டுவதில்லை. ஆகையால் தலையோடு சாலையில் மோதிய கவசத்துக்கு நான் சோதனையே செய்வதில்லை. மற்ற இடிகளுக்குத்தான் சோதனை.

இடையில் ஒன்று: ‘தலைக்கவசம் இரண்டாகப் பிளந்து என் உயிரைக் காப்பாற்றியது’ என்று பலர் பெருமையோடு படம் காட்டுவதுண்டு. பிளவு மிகச் சிறிதளவு ஆற்றலையே உட்கொள்கிறது, காப்பாற்றுவது நசுங்குதல். நசுங்காமல் பிளந்துபோன கவசம் தன் வேலையை அரைகுறையாகச் செய்திருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். படம் எடுப்பவர்கள் பிளவை விட்டுவிட்டு நுரையின் தடிமன் குறைந்திருக்கும் இடத்தைப் படம் எடுத்தால் மற்றவர்களுக்குப் பயனாக இருக்கும்.

சங்கிலிச்சக்கரம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. மெத்தைகளைக் கழற்றிப் பார்த்தேன். வலப்பக்க விளிம்புக்கு அருகில் கட்டைவிரல் அழுத்தத்துக்கு இடப்பக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக உள்வாங்குவதுபோல் தோன்றுகிறது. மனம் அப்படி நினைக்க வைக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வேறு விரிசல் எதுவும் இல்லை.

ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. செலவானது அந்தந்த இடத்தின் கையிருப்பு என்றால், மற்றப் பகுதிகள் இன்னும் முழுமையாகத்தானே இருக்கும்? புதிது வரும் வரையிலோ, அருகிலுள்ள இடங்களுக்குச் செல்வதற்கு மட்டுமோ இதை அணிந்தால் என்ன? மகளின் தலைக்கவசம் பற்றியும் யாராவது கூறினால் நல்லது.

உருளைப்பலகை எழுதியது:

மகளின் தலைக்கவசம் பற்றி நான் கூறுகிறேன். இது மிதிவண்டிக் கேள்வியிலிருந்து அடிப்படையிலேயே மாறுபட்டது. மிதிவண்டியில் செல்பவர் எப்போதாவது ஒருமுறை பலமாக விழுகிறார். உருளைக்காலணியோ உருளைப்பலகையோ பழகுகிறவர், விழுவதையே பயிற்சியின் பகுதியாகக் கொண்டிருக்கிறார். அவருடைய பின்னந்தலை ஒரே நாளில் ஒரே இடத்தில் பலமுறை தரையில் படக்கூடும். ஒருமுறை மட்டும் நசுங்குகிற நுரை அதற்கு ஏற்றதன்று.

இதற்காகவே பலமுறை மோதலுக்கென்று வடிவமைக்கப்பட்ட தலைக்கவசங்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் விரிவாக்கப்பட்ட பாலிப்ரோப்பிலீன் நுரையைப் பயன்படுத்துகிறார்கள். பாலிஸ்டைரீனின் அறைச்சுவர்கள் நொறுங்கும் இடத்தில் இதன் சுவர்கள் மடங்கி, பிறகு மெல்ல நிமிர்ந்துகொள்கின்றன. வேறு சிலவற்றில் ரப்பர் போன்று மீளும் நுரை இருக்கிறது. அமெரிக்காவில் உருளைப்பலகைக்கான ஏ.எஸ்.டி.எம். எஃப் 1492 என்ற தரம், ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் மோதவிட்டுச் சோதிக்கிறது. அதற்கு ஈடாக, மோதலின் உயரம் மிதிவண்டித் தரத்தைவிடக் குறைவு. இந்தக் கொடுக்கல்வாங்கலை விளம்பரங்கள் சொல்வதில்லை: பலமுறை தாங்கும் என்றால் பல சிறு மோதல்களைத் தாங்கும் என்று பொருள், பல பெரிய மோதல்களைத் தாங்கும் என்று பொருளன்று. மீளக்கூடிய நுரைகூட ஒவ்வொரு பலத்த மோதலுக்குப் பிறகும் கொஞ்சம் இழக்கத்தான் செய்கிறது. அதில் பெரிய அடி விழுந்தால் அதையும் மாற்ற வேண்டியதுதான்.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. வட்டமான, சிறு துளைகள் கொண்ட ‘ஸ்கேட்’ வடிவத்தைப் பார்த்து அது பலமுறை மோதலைத் தாங்கும் என்று பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். அந்த உருவத்துக்குள் வழக்கமான வெள்ளை நுரையை வைத்து, மிதிவண்டிச் சான்று மட்டும் பெற்று விற்கப்படுபவை ஏராளம். இரண்டாவது பொறி ஐரோப்பியச் சான்று. இ.என். 1078 தரத்தின் தலைப்பிலேயே மிதிவண்டி ஓட்டுபவர்களோடு உருளைப்பலகை, உருளைக்காலணி பயன்படுத்துபவர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அதைப் படித்தவுடன் இரண்டுக்கும் சரி என்று தோன்றும். ஆனால் அந்தத் தரம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மோதவிட்டுப் பார்ப்பதில்லை. ஆகவே உங்கள் மகளின் கவசத்தின் உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். அமெரிக்க மிதிவண்டித் தரம், எஃப் 1492 ஆகிய இரண்டு சான்றுகளும் இருந்தால் இரண்டு வேலைகளுக்கும் அதையே அணியலாம். மிதிவண்டிச் சான்று மட்டும் இருந்தால், பயிற்சிக்குத் தனியாக ஒன்று வாங்குவதே முறை. இதுவரை அந்தக் கவசம் பட்ட அடிகளைக் கருதினால், மிதிவண்டிக்கும் அதை இனி நம்பிக்கொண்டிருக்க மாட்டேன்.

பிள்ளைகளிடம் ‘இன்று தலை தரையில் பட்டதா?’ என்று கேட்டுப் பழக்கிக்கொள்வதும் நல்லது. விழுந்ததைச் சொன்னால் திட்டு விழும் என்று அவர்கள் மறைத்துவிடுவார்கள்.

பழையபெடல் எழுதியது:

எல்லோரும் மாற்றச் சொல்லிக்கொண்டே போகிறீர்கள். எதிர்ப்பக்கத்தில் நின்று சிலவற்றைச் சொல்வதற்கு ஒருவராவது வேண்டும். புதிது விற்பதால் யாருக்கு ஆதாயம் என்பதை மறந்துவிட்டு இந்த அறிவுரைகளைப் படிக்கக்கூடாது என்பது என் கருத்து.

தலைக்கவசம் தானாகவே முதுமையடைந்து செயலற்றுப்போகிறது என்ற நம்பிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்கவசங்களைச் சோதித்துத் தரச்சான்று அளிக்கும் ஸ்னெல் அறக்கட்டளை ஐந்து ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறது. வியர்வை, தலை எண்ணெய், அழகுசாதனப் பொருள்கள், பசைகளின் தேய்மானம் ஆகியவை அதற்குக் கூறப்படும் காரணங்கள். ஆனால் பயன்பாட்டிலிருந்த மிதிவண்டித் தலைக்கவசங்களின் நுரையை வெட்டியெடுத்துச் சோதித்து 2016-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, வயது கூடுவதால் பாலிஸ்டைரீன் நுரையின் இயந்திரப் பண்புகள் மாறுவதில்லை என்றே முடிவுக்கு வந்தது. வெயிலும் மழையும் கெடுத்துவிடும் என்பார்கள். அமெரிக்கத் தரத்தின்படி, 50 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் வைத்தும், உறைநிலைக்குக் கீழே 15 டிகிரியை ஒட்டிய குளிரில் வைத்தும், நீரில் மணிக்கணக்காக மூழ்கவைத்தும் எடுத்த பிறகுதான் மோதவிடுகிறார்கள். அன்றாட வானிலை அதைவிடக் கடுமையானதன்று.

உண்மையில் அஞ்ச வேண்டியவை வேறு. பெட்ரோல், அசிட்டோன், வண்ணப்பூச்சைக் கரைக்கும் திரவங்கள் ஆகியவை பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். கொசுவிரட்டித் திரவங்களில் உள்ள டீட் என்ற வேதிப்பொருளும் சில பிளாஸ்டிக்குகளைக் கெடுக்கும். அழகுக்காகக் கண்ட பசையோடு ஒட்டப்படும் படங்களும், வீட்டில் அடிக்கப்படும் வண்ணமும் ஓட்டைப் பலவீனமாக்கலாம். கதவில் இடித்ததற்காகப் பதறுகிறவர்கள் இவற்றைப் பற்றி ஒரு சொல்கூடக் கேட்பதில்லை.

ஆகவே வயதுக்காகவும், வெறும் கவசம் கீழே விழுந்ததற்காகவும் மாற்றுவதை நான் ஏற்கவில்லை. ஒருவர் தேவையில்லாமல் மாற்றிமாற்றிச் சலித்து, கடைசியில் அணிவதையே விட்டுவிட்டால் யாருக்கு நன்மை? ஆனால் சறுக்கி விழுந்த விஷயத்தில் மற்றவர்களோடு எனக்கு முரண்பாடு இல்லை. தலை உள்ளே இருக்கும்போது சாலையில் பட்டதென்றால், நானும் மாற்றத்தான் செய்வேன். ஒருபக்கம் கூடுதலாக உள்வாங்குவதாக அவரே எழுதிய பிறகு வாதிட என்ன இருக்கிறது?

நுரையும்ஓடும் எழுதியது:

பழையபெடல் கூறியவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். வயதையும் அடியையும் ஒன்றாகக் குழப்பியதால்தான் கையேடுகளின் அறிவுரைகள் மிகையாக ஒலிக்கின்றன. ஒரு சிறு திருத்தம் மட்டும்: அந்த ஆய்வு பேசுவது நுரையைப் பற்றி. வார்கள், கொக்கி, பொருத்தத்தைச் சரிசெய்யும் பின்புறத் திருகு ஆகியவை நுரையைவிட முன்னதாகவே தேய்ந்துபோகும். கொக்கி ஒரே அழுத்தில் பூட்டவில்லை என்றால், நுரை புதிதாக இருந்தும் பயனில்லை. அமெரிக்கத் தரம் வாரையும் தனியாகச் சோதிக்கிறது: 4 கிலோ எடையை 60 சென்டிமீட்டர் விழவிட்டு இழுத்தால், வார் 30 மில்லிமீட்டருக்குமேல் நீளக்கூடாது.

இனி, மற்றப் பகுதிகள் முழுமையாகத்தானே இருக்கும் என்ற கேள்வி. கொள்கையளவில் நீங்கள் கூறுவது சரியே. சோதனைக்கூடங்களில் ஒரே தலைக்கவசத்தை, போதிய இடைவெளி விட்டு வெவ்வேறு இடங்களில் மோதவிட்டுத்தான் பார்க்கிறார்கள். ஓர் இடத்தில் பட்ட அடி தொலைவிலுள்ள நுரையை அப்படியொன்றும் கெடுப்பதில்லை. ஆயினும் இரண்டு தடைகள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று தொடங்கியிருந்தால், அடுத்த மோதல் வேறு இடத்தில் பட்டாலும் அந்த விரிசல் வழியே கவசம் பிளந்துபோகலாம். மற்றொன்று, அடிகள் தலை முழுவதும் சீராகப் பரவி விழுவதில்லை. விபத்தில் சிக்கிய தலைக்கவசங்களை ஆராய்ந்தவர்கள், நெற்றிப்பகுதியும் பக்கவாட்டு விளிம்புகளும்தான் அதிகம் அடிபடுவதாகக் கண்டிருக்கிறார்கள். நீங்கள் செலவழித்துவிட்ட இடம் அந்த விளிம்புதான். அருகிலுள்ள இடம் என்பதும் பாதுகாப்பைக் கூட்டாது. முன்பே கூறியபடி, தலை விழும் உயரம் பயணத்தின் நீளத்தைப் பார்ப்பதில்லை.

புதிது கைக்கு வரும் வரை வண்டி ஓட்டியே தீர வேண்டும் என்றால், வெறுந்தலையோடு செல்வதைவிட இதை அணிந்து செல்வது மேல். ஓரிரு நாள்களுக்கு அவ்வளவே.

சங்கிலிச்சக்கரம் எழுதியது:

தெளிவாகப் புரிந்தது. எனக்கும் மகளுக்கும் புதிதாக வாங்க முடிவு செய்துவிட்டேன். மகளுடைய கவசத்தின் சீட்டில் இ.என். 1078 மட்டுமே இருக்கிறது. கடைசியாக ஒன்று: பழையதை யாருக்காவது கொடுத்துவிடலாமா? பார்ப்பதற்குப் புதிதுபோலத்தான் இருக்கிறது.

மலைப்பாதை எழுதியது:

கொடுக்க வேண்டாம். பார்ப்பதற்குப் புதிதுபோல இருப்பதுதான் சிக்கல். வாங்குகிறவருக்கு அதன் வரலாறு தெரியாது. பயன்படுத்திய தலைக்கவசத்தை வாங்க வேண்டாம் என்று கூறுவதும் இதனால்தான். குப்பையில் போடுவதற்கு முன் இரண்டு வார்களையும் கத்தரித்துவிடுங்கள், எடுத்து அணிவதற்கு யாருக்கும் தோன்றாது. அதற்கு முன் கையேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்: விபத்தில் அடிபட்ட கவசத்தின் படத்தையும் வாங்கிய ரசீதையும் அனுப்பினால் அடுத்ததற்கு விலைத் தள்ளுபடி தரும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். வாரை வெட்டுவதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள்.